கேள்வி பதில்: ஆய்வகம் தேடிக் கடல் கடப்பவர்கள்

கேள்வி: முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஃபெலோஷிப் கிடைக்கிறது என்கிறார்கள். இது படிப்புக்கான உதவித்தொகையா, வேலையா?

பதில்: இரண்டுக்கும் இடைப்பட்டது. படிப்பு முடிந்துவிட்டது, சொந்த ஆய்வகம் இன்னும் அமையவில்லை என்ற நிலையில் இருப்பவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஊதியமும், பெரும்பாலும் ஓரளவு ஆய்வுச் செலவும் தரும் ஏற்பாடு இது. ஆனால் அந்த ஊதியம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேராசிரியரின் திட்ட நிதியில் சம்பளம் வாங்குபவர், அந்த நிதி எதற்காக ஒதுக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஃபெலோஷிப்பில் வருபவரோ தம் பெயரிலேயே நிதியைக் கொண்டு வருவதால், பலன் நிச்சயமில்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள அவருக்குச் சற்றுக் கூடுதலான சுதந்திரம் உண்டு.

கேள்வி: உள்நாட்டில் திறமைசாலிகள் இருக்கும்போது வெளிநாட்டவருக்கு ஏன் செலவிட வேண்டும்? மருத்துவத்துக்கு இதனால் என்ன நன்மை விளைந்தது?

பதில்: ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த சீசர் மில்ஸ்டைன், பிரிட்டிஷ் கவுன்சில் ஃபெலோஷிப்பில் 1958இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வந்தவர். பின்னாளில் அதே ஊரில் அவர் நடத்திய ஆய்வகத்துக்கு, 1974இல் ஜெர்மானியரான ஜார்ஜ் கோலர், ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் ஃபெலோஷிப்பில் வந்து சேர்ந்தார். கிருமி போன்ற அயல்பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் (ஆன்டிபாடி) சுரக்கும் செல்கள் உடலுக்கு வெளியே சில நாட்களில் மடிந்துவிடும். மைலோமா என்னும் புற்றுநோய்ச் செல்களோ ஓயாமல் பெருகும், ஆனால் அவை சுரக்கும் எதிர்ப்பொருள் எதற்கு எதிரானது என்று தெரியாது. ஆட்டின் சிவப்பணுக்கள் செலுத்தப்பட்டதால் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் மண்ணீரல் செல்களையும் மைலோமா செல்களையும் சென்டாய் வைரஸின் துணையால் இணைத்தபோது, இரண்டு இயல்பும் ஒரே செல்லில் சேர்ந்தன. அந்தச் செல்கள் வேண்டிய எதிர்ப்பொருளைத்தான் சுரக்கின்றனவா என்று கண்டறியும் சோதனை, கோலர் முனைவர் பட்டத்துக்காகப் பணியாற்றிய சுவிட்சர்லாந்தின் பாசல் நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் இயக்குநரான நீல்ஸ் ஜெர்னி வகுத்தது: ஆட்டுச் சிவப்பணுக்கள் பரப்பிய தட்டில் சரியான செல் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு கரைந்து, தெளிந்த வட்டம் தோன்றும். மில்ஸ்டைனிடம் வளர்ப்பில் தேர்ந்த மைலோமா செல்கள் இருந்தன, கோலரிடம் இந்தச் சோதனை கைப்பழக்கமாக இருந்தது. ஒருவர் இன்னொருவரின் ஆய்வகத்துக்கு வராமல் இவை ஒன்று சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1975இல் வெளியான இந்த முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அதனால் இழந்த வருவாயைப் பற்றி பிரிட்டனில் இன்றும் வருந்துபவர்கள் உண்டு. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைத் தடையின்றிக் கையாள முடிந்ததற்கும் அதுவே ஒரு காரணம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க 1986இல் அமெரிக்காவில் இம்முறையில் உருவான முதல் மோனோக்ளோனல் மருந்து (ஒரே செல்லின் வழிவந்த செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்) ஏற்கப்பட்டது. 1997இல் ரிடுக்சிமாப், 1998இல் டிராஸ்டுசுமாப் எனப் புற்றுநோய் மருந்துகள் தொடர்ந்தன. மில்ஸ்டைன், கோலர், ஜெர்னி மூவருக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: இப்படிப் போகிறவர்கள் திரும்புவதில்லையே! ஏழை நாடுகளின் அறிவு வளத்தை உறிஞ்சுவது ஆகாதா?

பதில்: குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் திரும்பாததற்கான பழி முழுவதையும் போனவர் மேல் போடுவது சரியல்ல. மில்ஸ்டைன் 1961இல் தாய்நாடு திரும்பத்தான் செய்தார். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதை அடுத்து அவருடைய நிறுவனத்தில் சக ஆய்வாளர்கள் நீக்கப்பட்டதால் பதவி விலகி, 1963இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் வந்தார்.

கேள்வி: ஃபெலோஷிப் காலம் முடிந்த பிறகு என்ன ஆகும்?

பதில்: இதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான பகுதி. ஹங்கேரியிலிருந்து 1985இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வாளராக வந்த கேத்தலின் கரிகோ, பின்னர்ச் சேர்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறு) ஆய்வுக்கு நிதி திரட்ட முடியாமல் 1995இல் பதவி இறக்கப்பட்டார். அங்கே சக ஆய்வாளரான ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து அவர் செய்த, பின்னாளில் கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு அடிப்படையான முக்கியக் கண்டுபிடிப்பு 2005இல்தான் வெளியானது. நோபல் பரிசு 2023இல். இரண்டு மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் பலன் காட்டு என்னும் விதி, இத்தகைய நீண்ட கேள்விகளுக்குப் பொருந்துவதே இல்லை.

கேள்வி: விண்ணப்பிக்க விரும்புபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பேராசிரியரின் புகழைவிட, அவரிடம் முன்பு பணியாற்றியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். விலகும்போது உங்கள் ஆய்வுப் பொருளை உடன் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்கத் தயங்க வேண்டாம். விதிகளையும் வரி விடாமல் படியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பைப் பொறுத்தவரை, செல்ல விரும்பும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தவரோ பணியாற்றியவரோ பொதுவாகத் தகுதி பெறுவதில்லை.