கணினி கேள்வி பதில்: கட்டளையும் பொத்தானும்

கேள்வி: ஒரு மணி நேர வீடியோவில் நடுவில் வரும் பேச்சு மட்டும் எனக்கு வேண்டும். கட்டளை அடித்து வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் போதும் என்கிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க எனக்கு வராது. மவுஸை வைத்தே முடிக்க வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆப் ஸ்டோரில் காசு கேட்கும். மென்பொருள்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதை உருவாக்கியவரின் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உள்ளே வேலை பார்ப்பது, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய அதே எஃப்எஃப்எம்பெக்தான். தொடக்கத்தையும் முடிவையும் குறித்து எக்ஸ்போர்ட்டை அழுத்தினால் சரி. மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது வீடியோவைப் புதிதாகச் சுருக்கிப் பதியாமல், உள்ளதை உள்ளபடி நகலெடுப்பதால் தரம் குறையாது, வேலையும் சட்டென முடியும்.

ஆனால் நீங்கள் குறித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே வெட்டு விழலாம். அது பழுதல்ல. வீடியோவில் கீஃப்ரேம்கள்தான் முழுப் படமாகப் பதிவாகியிருக்கும். இடையில் உள்ளவற்றில் மாறிய பகுதி பற்றிய தகவல் மட்டுமே இருக்கும். அதனால் என்கோட் செய்யாத வெட்டு கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும். இம்மி பிசகக்கூடாது என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருளில் ரேஞ்ச் பகுதிக்குப் போய் நொடிகளைக் கொடுங்கள். அது மறுபடி என்கோட் செய்யும், நேரம் பிடிக்கும்.

லாஸ்லெஸ்கட்டை முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தான் கடைசியாக ஓட்டிய எஃப்எஃப்எம்பெக் கட்டளைகளை அது அப்படியே காட்டும். பொத்தானுக்குப் பின்னால் நடப்பதை மறைக்காத மென்பொருளைத்தான் நான் எப்போதும் பரிந்துரைப்பேன். ஏதாவது கோளாறு என்றால் அந்த வரியைக் காட்டி, விவரம் தெரிந்தவரிடம் உதவி கேட்கலாம்.

கேள்வி: லினக்ஸில் ஜிஆர்சிங்க் (ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பொத்தான்களால் இயக்கும் மென்பொருள்) மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன். 'டெலீட் ஆன் டெஸ்டினேஷன்' கட்டத்தை டிக் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். மூலத்தில் இல்லாத ஃபைல் பேக்கப்பில் இருந்தால் அதை அழிப்பதுதான் அந்தக் கட்டத்தின் வேலை. அழிந்தது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

பெரிய ஆபத்து ஒரு சின்னச் சாய்கோட்டில் இருக்கிறது. மூலமாக 'படங்கள்' ஃபோல்டரையும், சேருமிடமாக டிஸ்க்கின் மேல்மட்டத்தையும் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மூலப் பெயரின் கடைசியில் சாய்கோடு (/) இல்லையென்றால் டிஸ்க்கில் 'படங்கள்' என்ற ஃபோல்டர் உருவாகும், அழிப்பதும் அதற்குள் மட்டும்தான். சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை நேராக மேல்மட்டத்துக்கே போகும். அப்போது டெலீட்டும் போட்டிருந்தால், டிஸ்க்கில் நீங்கள் வைத்திருந்த மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் காலி! ஆர்சிங்க் தன் விதிப்படி சரியாகத்தான் செய்திருக்கும்.

அதனால் எக்ஸிக்யூட் அழுத்துவதற்கு முன் சிமுலேஷனை அழுத்துங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலை மட்டும் தரும். அதில் 'டெலீட்டிங்' என்று தொடங்கும் வரிகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். உங்களுக்குத் தேவையான ஒரு பெயர் அங்கே இருந்தாலும் நிறுத்திவிட்டு, அப்புறம் இரண்டு பாதைகளையும் சரிபாருங்கள்.