நெக்ஸ்ட் பட்டனைத் தாண்டி ஒரு பாடம் - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஈ-லேர்னிங் பத்தி வந்த கேள்விகளை மட்டும் ஒண்ணா சேர்த்து எடுத்துக்கிட்டேன். சொந்தமா பாடம் டிசைன் பண்றவங்களும் கேட்டிருக்கீங்க, அதை சக டிசைனர்கள்கிட்ட காட்டிட்டு குழம்பிப் போனவங்களும் கேட்டிருக்கீங்க.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று பாடத்தை ஸ்லைடு, வாய்ஸ் ஓவர், அனிமேஷன், கடைசியில ஒரு குவிஸ்னு பண்ணி வெச்சேன். பசங்க நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டு போயிடறாங்க. கிரியேட்டிவா இன்னும் என்ன சேர்க்கலாம்? - அறிவியல் ஆசிரியை

சேர்க்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுங்க மேடம். நெக்ஸ்ட் தட்டறதும், படத்துமேல தட்டினா விளக்கம் திறக்கறதும் பக்கம் புரட்டற வேலைதான், அதுல பையன் எதையும் தீர்மானிக்கவே இல்ல. அவன் ஒரு முடிவு எடுக்கணும், அந்த முடிவால ஏதாவது நடக்கணும், நடந்ததைப் பார்த்துட்டு தன் எண்ணத்தை மாத்திக்க வழி இருக்கணும், இந்த மூணும் இருந்தாதான் நான் அதை இன்டராக்டிவ்னு ஒத்துக்குவேன்.

உங்க பாடத்தையே எடுத்துக்கலாம். முதல் ஸ்கிரீன்ல விளக்கமே வேண்டாம். ஒரு பேட்டரி, தொடர் இணைப்புல ஒரே மாதிரி மூணு பல்ப், ஸ்விட்ச் இன்னும் போடல. ஸ்விட்ச் போட்டா எந்த பல்ப் அதிகமா எரியும்னு ஊகிக்கச் சொல்லுங்க. "பேட்டரிக்கு பக்கத்துல இருக்கற பல்ப்தான்"னு நிறைய பசங்க சொல்லுவாங்க, ஏன்னா கரண்ட் போற வழியில ஒவ்வொரு பல்பா அதை செலவு பண்ணிடும்னு ஒரு எண்ணம் ரொம்ப பேருக்கு இருக்கு. அந்த தப்பான எண்ணம்தான் உங்களுக்கு கிடைச்ச புதையல், அதையே ஒரு ஆப்ஷனா வைங்க. ஊகிச்ச பிறகுதான் ஸ்விட்ச் வேலை செய்யணும். மூணும் ஒரே அளவு எரியறதைப் பார்த்ததும் பையனுக்கு தானா ஒரு கேள்வி வரும், விளக்கம் அப்போ வரட்டும், அதுக்கு முன்னாடி வந்தா அதுக்கு மதிப்பே இல்ல. அடுத்து நடு பல்பை கழட்டச் சொல்லுங்க, மூணும் அணையும். அதுக்கப்புறம் அதே சாமானை கையில கொடுத்து, "ஒண்ணு ஃப்யூஸ் போனாலும் மத்த ரெண்டும் எரியணும், நீயே இணைச்சுக் காட்டு"ன்னு விட்டுடுங்க. பக்க இணைப்புங்கற பேரை அவன் இணைச்சு முடிச்சப்புறம் சொன்னா போதும்.

"தவறு, மீண்டும் முயற்சி செய்க"ன்னு ஒரு பெட்டி வரும் பாருங்க, அதை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. தப்பா இணைச்சா ஒரு பல்பை கழட்டினதும் மத்ததும் அணைஞ்சுடும், அதுவே பதில் சொல்லிடும்.

கேள்வி: கோடிங் தெரியாது. எந்த டூல் கத்துக்கறது? - கல்லூரி மாணவர்

முதல் டூல் பேப்பர்தான். அதுல ஓடாத கதை எந்த சாஃப்ட்வேர்லயும் ஓடாது. ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு சின்ன சீட்டு, எதை தேர்ந்தெடுத்தா எந்த சீட்டுக்குப் போகணும்னு அம்புக்குறி, அவ்வளவுதான்.

அப்புறம் தேவையைப் பொறுத்து பாருங்க. கிளைக் கிளையா பிரியற கதைன்னா ட்வைன் இருக்கு, 2009-ல வந்தது, இலவசம். வீடியோ நடுவுல கேள்வி வர்ற மாதிரி வேணும்னா எச்5பி, அது ஓப்பன் சோர்ஸ், மூடுல் மாதிரி ஆன்லைன் வகுப்பு நடத்தற தளங்களோட நல்லா ஒத்துப்போகும். பசங்களே பண்ணணும்னா எம்ஐடி மீடியா லேப்ல இருந்து 2007-ல வந்த, கட்டைகளை அடுக்கற மாதிரி கோடிங் பண்ற ஸ்க்ராட்ச். கம்பெனி வேலைக்குப் போகணும்னா ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன்ங்கற பாடம் தயாரிக்கற சாஃப்ட்வேர் கேப்பாங்க, அதுல ட்ரிக்கர் (எதைச் செஞ்சா என்ன நடக்கணும்), லேயர் (ஸ்கிரீன் மேல வர்ற அடுக்கு), ஸ்டேட் (ஒரு பொருளோட வேற வேற தோற்றம்), வேரியபிள் (நினைவுல வெச்சுக்கற மதிப்பு) இந்த நாலும் புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் பழக்கத்துல வந்துடும். ஒண்ணும் இல்லைன்னா பவர்பாயிண்ட்லயே ஹைப்பர்லிங்க் போட்டு கிளை பிரிக்கலாம், கூச்சப்பட வேண்டியதில்ல.

எந்த டூல் எடுத்தாலும் உங்க ஸ்க்ரிப்ட், படம், ஆடியோ எல்லாத்தையும் வெளியில தனியா ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்கோங்க. பிரவுசர்ல அனிமேஷன் ஓட்ட உதவின ஃப்ளாஷுக்கான சப்போர்ட்டை அடோபி 2020 டிசம்பர் 31-ஓட நிறுத்தினப்போ, மூல ஃபைல் கையில இல்லாம வெறும் எஸ்டபிள்யூஎஃப் (ஃப்ளாஷ்ல ஓடற முடிஞ்ச ஃபைல்) மட்டும் வெச்சிருந்த பாடங்களைத் திரும்ப உருவாக்கறது ரொம்ப கஷ்டமாப் போச்சு.

கேள்வி: நான் பண்ண ப்ராஜெக்ட்டை மத்த டிசைனர்களுக்கு அனுப்பி கருத்து கேட்டேன். "சூப்பர்", "செம", "கலர் நல்லா இருக்கு" இதான் வருது. உண்மையான விமர்சனம் எப்படி வாங்கறது? - புதுசா துறைக்கு வந்தவர்

நீங்க என்ன கேட்டீங்கன்னு முதல்ல பாருங்க. "எப்படி இருக்கு சொல்லுங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ங்கறதைத் தவிர வேற என்ன சொல்ல முடியும்? அவங்களுக்கு உங்க பாடம் யாருக்குன்னு தெரியாது, முடிச்சப்புறம் அந்த ஆள் என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்னும் தெரியாது, இது முதல் வரைவா இல்ல நாளைக்கே வெளியிடப் போறதான்னும் தெரியாது. இந்த மூணையும் ரெண்டு வரியில சொல்லிட்டு அப்புறம் கேளுங்க. உதாரணத்துக்கு இப்படி: "இது கால் சென்டர்ல புதுசா சேர்றவங்களுக்கு, கோபமா பேசற கஸ்டமரை எப்படி கையாளறதுன்னு. இன்னும் வரைவுதான், படம் எல்லாம் மாறும், அதை விட்டுடுங்க. ரெண்டாவது முடிவு எடுக்கற இடத்துல மூணு ஆப்ஷனும் நிஜமாவே யோசிக்க வைக்குதா, இல்ல சரியான பதில் பார்த்த உடனே தெரிஞ்சுடுதா?" இப்படி கேட்டா யாரும் கலரைப் பத்தி பேச மாட்டாங்க.

வேலை முடிஞ்சு பளபளன்னு ஆனப்புறம் காட்டறதுதான் இன்னொரு பெரிய சிக்கல்னு நான் நினைக்கிறேன். பார்க்கறவங்களுக்கே மனசு வராது, "இவ்வளவு உழைச்சிருக்காங்க, இப்போ போய் அடிப்படையே சரியில்லன்னு எப்படி சொல்றது"ன்னு தோணும், உங்களுக்கும் மாத்த மனசு வராது. அரைகுறையா இருக்கும்போதே காட்டுங்க, வெறும் சாம்பல் கலர் பெட்டியும் எழுத்துமா இருக்கட்டும், முழு கோர்ஸும் வேண்டாம், நீங்க சந்தேகப்படற ஒரு காட்சி மட்டும் போதும்.

அப்புறம் சொல்றதைக் கேக்கறதை விட செய்யறதைப் பாருங்க. ஒருத்தரை பக்கத்துல உக்கார வெச்சோ, ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்லியோ, மனசுல ஓடறதை வாய்விட்டு சொல்லிட்டே பாடத்தை செய்யச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது, "அங்க தட்டணும்"னு சொல்லிட்டீங்கன்னா அந்த சோதனை அங்கயே முடிஞ்சு போச்சு. அவங்க எங்க நிக்கறாங்க, எதை ரெண்டு தடவை படிக்கறாங்க, எதைப் படிக்காமலே தாண்டறாங்க, இதை மட்டும் குறிச்சுக்கோங்க. இதுக்கு பெரிய கூட்டம் தேவையில்ல. ஒரு சுத்துக்கு 5 பேர் போதும், திருத்திட்டு மறுபடி இன்னொரு 5 பேர்கிட்ட காட்டறதுதான் லாபம்னு, ஒண்ணைப் பயன்படுத்தறது எவ்வளவு சுலபம்னு ஆராயற யூசபிலிட்டி துறையில ஜேக்கப் நீல்சன் 2000-ல எழுதினார், இன்னிக்கும் பல பேர் அதைத்தான் பின்பற்றறாங்க. அந்த 5 பேர்ல ரெண்டு மூணு பேராவது டிசைனரா இல்லாம நிஜமாவே அந்தப் பாடத்தைப் படிக்கப் போறவங்களா இருக்கட்டும், டிசைனர் கண்ணுக்கு பட்டன் எங்க இருக்கும்னு ஏற்கனவே தெரியும்.

கேள்வி: ஒருத்தர் அனிமேஷன் கூட்டுங்கறார், இன்னொருத்தர் குறைங்கறார். யார் பேச்சைக் கேக்கறது? - அதே குழப்பத்துல இருக்கும் இன்னொரு வாசகி

ரெண்டு பேருமே மருந்து சொல்றாங்க, நீங்க நோயைக் கேளுங்க. "எந்த இடத்துல அப்படி தோணுச்சு, அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா, கூட்டச் சொன்னவருக்கு மூணாவது ஸ்கிரீன்ல போர் அடிச்சிருக்கும், குறைக்கச் சொன்னவருக்கு ஏழாவது ஸ்கிரீன்ல எதைப் பார்க்கறதுன்னே தெரியாம போயிருக்கும், அப்போ ரெண்டு பேரும் சரின்னு ஆயிடும்.

ஆனா ஒரு விஷயத்துல ஆராய்ச்சி தெளிவா இருக்கு. பாடத்துக்கு சம்பந்தமில்லாத சுவாரசியமான படம், இசை, துணுக்குத் தகவல் இதெல்லாம் சேர்த்தா கத்துக்கறது குறையத்தான் செய்யுது. அதே மாதிரி, படமும் ஓடி குரலும் சொல்லும்போது அதே வாக்கியத்தை எழுத்திலயும் அப்படியே போட்டா அதுவும் இடைஞ்சல்தான். உளவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மேயரும் அவரோட வேலை பார்த்தவங்களும் திரும்பத் திரும்ப சோதிச்சுப் பார்த்த விஷயம் இது. ஆனா இதைச் சொல்லி கேப்ஷனை எடுத்துடாதீங்க, காது கேக்காதவங்களுக்கு அது அவசியம், தேவைப்பட்டவங்க போட்டுக்கற மாதிரி ஆன், ஆஃப் பட்டன் வெச்சுடுங்க.

கேள்வி: என் ட்ராக் அண்ட் ட்ராப் (இழுத்துப் போடற) விளையாட்டு எல்லாருக்கும் பிடிச்சுது, ஒருத்தர் மட்டும் "ஆக்சஸிபிள் இல்ல", அதாவது மாற்றுத்திறனாளிகளால பயன்படுத்த முடியாதுன்னு சொன்னார். அது அவ்வளவு முக்கியமா? - சாஃப்ட்வேர் பயிற்சியாளர்

ரொம்ப முக்கியம், அவர் உங்களுக்கு நல்லது செஞ்சிருக்கார். கை நடுங்கற ஒருத்தர், மவுஸ் பிடிக்க முடியாம கீபோர்டு மட்டும் வெச்சு வேலை பண்ற ஒருத்தர், இவங்க ரெண்டு பேராலயும் இழுத்துப் போட முடியாது, பாடத்துல அவங்க அங்கயே நின்னுடுவாங்க. 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூசிஏஜி 2.2-ங்கற, இணையத்தை எல்லாரும் பயன்படுத்தறதுக்கான விதிமுறையிலயே, இழுத்தே ஆகணும்ங்கற வேலையைத் தவிர மத்த இழுக்கற வேலையெல்லாம் இழுக்காம தட்டியே செய்யவும் வழி இருக்கணும்னு சேர்த்திருக்காங்க. பொருளை ஒரு தட்டு, வைக்க வேண்டிய இடத்தை ஒரு தட்டு, இப்படி மாத்தினா விளையாட்டு அப்படியே இருக்கும், சின்ன போன்ல பண்றவங்களுக்கும் அதான் சுலபம். கீபோர்டுல டேப், என்டர் வெச்சும் அதே வேலை நடக்குதான்னு பார்த்துடுங்க. கையோட எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) 4.5:1-க்கு குறையாம இருக்கான்னும் பாருங்க, அதை அளக்க இலவச டூல் நிறைய கிடைக்குது.

கேள்வி: மத்தவங்க ப்ராஜெக்ட்டுக்கு நான் கருத்து சொல்லும்போது மனசு நோகுமோன்னு பயமா இருக்கு. - கூச்ச சுபாவமுள்ள வாசகர்

கூச்சம் இருக்கறவங்கதான் நல்ல விமர்சகரா வருவாங்க, ஏன்னா நிதானமா பார்ப்பாங்க. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-கள்ல இருந்து சொல்லித்தர்ற ஒரு முறை உங்களுக்கு உதவும்: முதல்ல உங்களைத் தொட்டது எதுன்னு சொல்லணும், அப்புறம் படைச்சவர் தன் சந்தேகத்தைக் கேப்பார், அதுக்கப்புறம் நீங்க தீர்ப்பு கலக்காத கேள்வி கேக்கலாம், கடைசியா "எனக்கு இதைப் பத்தி ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?"ன்னு அனுமதி கேட்டுட்டுதான் கருத்து. "இந்த ஸ்கிரீன் குழப்பமா இருக்கு"ன்னு எழுதறதுக்கு பதிலா "இங்க நான் எதை தட்டணும்னு தெரியாம கொஞ்ச நேரம் தேடினேன்"னு எழுதுங்க. உங்களுக்கு நடந்ததை சொல்றீங்க, அதை யாரும் மறுக்க முடியாது, கோபப்படவும் காரணம் இருக்காது.

கேள்வி: ஆபீஸ்ல பண்ண கோர்ஸை என் வேலைகளைக் காட்டற போர்ட்ஃபோலியோவுல போடலாமா? - பெயர் வேண்டாம் என்றவர்

எழுத்துல அனுமதி இல்லாம வேண்டாம். லோகோவை மட்டும் மறைச்சாலும் உள்ள இருக்கற தகவல் நிறுவனத்தோடதுதான். அதுல நீங்க கண்டுபிடிச்ச உத்தி மட்டும் உங்க மூளையில இருக்கு இல்லையா, அதை முழுக்க வேற விஷயத்துக்கு, புது எழுத்து, புது படத்தோட, சின்னதா அஞ்சாறு ஸ்கிரீன்ல திரும்பப் பண்ணுங்க. வெளியில எடுக்கற படம், ஐகான், ஃபாண்ட் எல்லாத்துக்கும் லைசென்ஸ் பாருங்க. கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற, மத்தவங்க பயன்படுத்த அனுமதி தர்ற லைசென்ஸ்னா பெரும்பாலும் எடுத்தவர் பேரைக் குறிப்பிடணும், சிலதை வணிகத்துக்கு பயன்படுத்தக் கூடாது, சிலதை மாத்தவே கூடாது. கூடவே முதல் வரைவு எப்படி இருந்துச்சு, யார் என்ன சொன்னப்புறம் எதை மாத்தினீங்கன்னு ஒரு பக்கம் எழுதி வைங்க, வேலைக்கு எடுக்கறவங்க அனிமேஷனை விட அந்தப் பக்கத்தைத்தான் ஆர்வமா படிப்பாங்க.