எண் இல்லை என்றால் போலியா?

பிரதி எண் போடவில்லை என்பதற்காக, உங்களிடம் இருக்கும் அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட்டின் லித்தோகிராஃபை (கல்லில் வரைந்து அச்சிடும் படம்) போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அயோவா வயல்வெளியைக் காட்டும் அந்த 1938 'ஜூலை பதினைந்து', அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பதிப்பு நிறுவனத்தின் வெளியீடு; 250 பிரதி அச்சிட்டு, பென்சில் கையெழுத்தோடு விற்றார்கள், எண் போடுவது அவர்கள் வழக்கமில்லை. சொல்லப்போனால் '37/250' (250-இல் 37-ஆவது பிரதி) என்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பத்து மடங்கு லென்ஸில் நிழல் பகுதியைப் பாருங்கள். கரடான கல்லில் கிரேயான் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத பொரிப்பொரியான துகள்கள் தெரிந்தால் நல்ல அறிகுறி, வரிசை பிடித்த புள்ளிகள் என்றால் இயந்திரத்தில் அச்சடித்த சாதாரண ஆஃப்செட் நகல்தான். அப்புறம் கையெழுத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள், பென்சில் கரி லேசாக மினுங்கும்.

புள்ளியே தெரியாத கெட்டிக்கார நகல்களும் உண்டு, அதனால் லென்ஸை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். படம் அட்டையில் ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள்.