அந்தச் சிவப்பு வண்டியை வெளியே எடுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிளாஸ்டிக் கார் மாடல்கள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதிய குறிப்புகளைப் படித்துத்தான் நானும் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளில் 1/24 அளவில் ஆறு வண்டிகள் முடித்திருக்கிறேன். ஒட்டுவதில் பெரிய குறை சொல்ல முடியாது. எஞ்சின், இருக்கைகள், சக்கரங்கள் எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் நாளில்தான் எல்லாம் கெடுகிறது.

சென்ற வாரம் ஒரு வண்டிக்கு ஸ்ப்ரே டப்பாவில் சிவப்பு அடித்தேன். பானெட் முழுக்க ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. கதவைச் சுற்றியுள்ள கோடு அடைந்துபோனது. மறுநாள் காய்ந்துவிட்டது என்று நம்பிக் கையில் எடுத்தேன், கூரையில் என் பெருவிரல் ரேகை பதிந்துவிட்டது. மனம் வெறுத்துப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினால் இது சரியாகுமா? அல்லது எனக்கு இந்தக் கைவேலை வராது என்று விட்டுவிடலாமா? "இதைவிட அழகாகச் செய்து முடித்த கார்களே கடையில் கிடைக்கின்றன, ஏன் இந்தப் பாடு?" என்று அண்ணன் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்பு வண்டியை வெளியே எடுங்கள். ஏழாவது கிட்டை, அதாவது துண்டுகளாக வரும் அடுத்த மாடல் பெட்டியை, இப்போது பிரிக்க வேண்டாம். ஏர்பிரஷும் இப்போது வேண்டாம். இதே பாடியின் பெயின்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். அதுவும் சரியாக வராவிட்டால் மூன்றாம் முறையும் இதற்கே அடியுங்கள்.

ஆறு வண்டி அடித்தும் கை பழகவில்லையே என்று வருந்துகிறீர்கள். ஆறு வெவ்வேறு பாடிகளுக்கு ஆளுக்கொரு முறை அடித்திருக்கிறீர்கள். முதல் முயற்சியையே ஆறு தடவை செய்திருக்கிறீர்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பாடிக்கும் ஒரு குணம் உண்டு. எந்தப் பள்ளத்தில் பெயின்ட் தேங்கும், எந்த விளிம்பில் நிற்காமல் விலகும், ஜன்னல் சட்டத்தின் உள்மடிப்பை எந்தக் கோணத்தில் எட்டலாம் என்பதெல்லாம் ஒரு முறை அடித்துக் கெடுத்த பிறகுதான் தெரியவருகிறது. அது தெரிந்த நாளிலேயே நீங்கள் மூடியைப் போட்டுவிட்டீர்கள்.

கழற்றுவது கடினமல்ல. மாடல் வண்டிகளுக்கான பெரும்பாலான லாக்கர், அக்ரிலிக் வண்ணங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இளக்கிவிடும். கிட் வார்க்கப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது ஒன்றும் செய்யாது. கண்ணாடித் துண்டுகளையும் குரோம் துண்டுகளையும் தனியே எடுத்துவிட்டு, பாடியை மூடியுள்ள பாத்திரத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்தால் தோல் உரிவதுபோல் வரும். கையுறை அவசியம், காற்றோட்டம் அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது. நீங்கள் அடித்தது எனாமல் என்ற இன்னொரு வகை பெயின்ட் என்றால் இது சட்டென்று மசியாது, வேறு திரவம் தேட வேண்டியிருக்கும். எந்தத் திரவமானாலும் துண்டுகள் கோத்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தில் ஒரு முனையை வெட்டி அதில் முதலில் ஊறவைத்துப் பாருங்கள். லாக்கர் தின்னரில் பாடியை மறந்தும் ஊறவைத்துவிட வேண்டாம், பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

கதவுக்கோடு அடைந்துபோனதற்கு வருவோம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் வேலையின் சிக்கல் முழுக்க விளங்கும். நிஜக் காரில் கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே நான்கு, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 24-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். நிஜக் காரின் மேல் பூசப்பட்ட எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். நாம் டப்பாவில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு என்று அடுக்கினால் நம் பூச்சும் அதே 0.1 மில்லிமீட்டரை எளிதாகத் தொட்டுவிடும். ஆனால் நம் வண்டி 24 மடங்கு சிறியது. நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம் அது. அப்படி அப்பினால் எந்தக் கதவு மூடும்? கோட்டின் இரு கரையிலும் 0.1 ஏறினால் 0.2 அகலமுள்ள கோடு அடைபடாமல் என்ன செய்யும்?

அதனால் பெயின்ட்டைத் தொடுவதற்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்திக்கொள்ள வேண்டும். கோடு கீறும் கருவி இருந்தால் நல்லது, இல்லையென்றால் கத்தி அலகின் முதுகு போதும். அழுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று இழுப்புகள் கோட்டின் பழைய தடத்திலேயே சும்மா நடந்துபோவதுபோல் இருக்க வேண்டும். பிறகுதான் மெல்லிய சுருளாகப் பிளாஸ்டிக் எழும். அகலம் கூடக் கூடாது, ஆழம்தான் கூட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, மேல்பூச்சு லாக்கராகவோ அக்ரிலிக்காகவோ இருந்தால், நன்றாக நீர்க்கக் கரைத்த கறுப்பு எனாமலை மெல்லிய தூரிகை நுனியில் தொட்டு அந்தக் கோட்டில் ஓரிடத்தில் வையுங்கள். கறுப்பு தானாகவே கோட்டைப் பிடித்துக்கொண்டு கதவைச் சுற்றி ஓடும். வார்த்தெடுத்த ஒரே துண்டு, கதவும் பானெட்டும் தனித்தனியாகப் பொருத்திய வண்டிபோல் ஆகிவிடும் அந்தச் சில நொடிகளுக்காகவே இவ்வளவும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

அச்சுக்கோடுகளைப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பாடியை வார்க்கும் அச்சு பல துண்டுகளால் ஆனது. அவை சந்திக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு வரப்பு நிற்கும், பெரும்பாலும் மட்கார்டுகளின் முதுகிலும் கூரையைத் தாங்கும் பின்தூண்களிலும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தப்பிவிடும், பளபளப்பான சிவப்பில் தப்பவே தப்பாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் கத்தி முதுகால் சுரண்டி, 600-ஆம் நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 1000-இலும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பள்ளம் தெரியும் இடத்தில் பட்டி பார்த்துத் தேயுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசையும் உங்கள் விரல் பிசுக்கும் அதில் போய்விடும்.

பிரைமர் அடித்தவுடன் ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். மேலே வரும் நிறத்தைப் பிடித்துவைப்பது அதன் ஒரு வேலை. குறைகளைக் காட்டிக்கொடுப்பது இன்னொரு வேலை, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. தேய்த்துவிட்டோம் என்று நம்பிய கோடு அந்த மங்கிய ஒரே நிறத்தில் மறுபடி எழுந்து நிற்கும். அங்கே திரும்பிப் போய்த் தேய்ப்பவர்தான் நல்ல பெயின்ட் அடிக்கிறார்.

இனி ஆரஞ்சுத் தோல். டப்பாவிலிருந்து வரும் துளிகள் பரப்பில் விழுந்து ஒன்றோடொன்று கலந்து சமமாவதற்குள் காய்ந்துவிட்டால் அந்தப் புள்ளிகள் வரும். டப்பாவை அதிகத் தொலைவில் பிடித்திருப்பீர்கள், அல்லது உள்ளே பெயின்ட் குளிர்ந்து கெட்டியாக இருந்திருக்கும். கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில் டப்பாவைப் பத்து நிமிடம் நிற்கவையுங்கள். அழுத்தம் சற்றுக் கூடித் துளிகள் நுண்மையாக வரும். அடுப்பில் வைப்பதோ கொதிநீரில் போடுவதோ உயிருக்கே ஆபத்து, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பாடியை ஒரு பாட்டில் மேல் டேப்பால் நிறுத்திக்கொண்டால் கை படாமல் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைவாக டப்பாவைப் பிடியுங்கள். வண்டிக்கு வெளியே பொத்தானை அழுத்தி, வண்டியைக் கடந்துபோய், மறுபக்கம் வெளியே விடுங்கள். முதல் இரண்டு சுற்றும் பனி விழுந்ததுபோல் மெலிதாக, அடிநிறம் தெரிந்தாலும் பரவாயில்லை. இடையில் பத்து, பதினைந்து நிமிடம். கடைசிச் சுற்றை மட்டும் ஈரமாக, பரப்பு கண்ணாடிபோல் மின்னும்வரை அடியுங்கள். இன்னும் ஒரு வீச்சு அடித்தால் வழிந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் எது என்று சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரே பாடியைத் திரும்ப அடிக்கச் சொல்வது அதற்காகத்தான். சென்ற முறை எங்கே வழிந்தது, எங்கே வறண்டது என்று உங்கள் கைக்கு நினைவிருக்கும். மழை பெய்யும் நாளில் மட்டும் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும்.

உங்கள் பெருவிரல் ரேகைக்கு மருந்து மூக்குதான். மேலே தோல் காய்ந்தாலும் அடியில் பெயின்ட் பல நாட்கள் இளகியே இருக்கும். பாடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை இருக்கும்வரை கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லாக்கர் சில நாட்களில் அடங்கும், எனாமல் வாரக்கணக்கில் இழுக்கும். அதுவரை தூசி படாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். டயர்களையும் இருக்கைகளையும் அந்த நாட்களில் முடித்துக்கொள்ளலாம்.

முற்றிலும் காய்ந்த பிறகும் சிறிது ஆரஞ்சுத் தோல் மிஞ்சினால் 2000-த்துக்கு மேற்பட்ட உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். இதில் நான் பட்டது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நீல வண்டியின் பானெட்டை இரண்டு மாலைகள் தேய்த்தேன். சமமான பகுதி கண்ணாடியாகிவிட்டது. கடைசியில் நடுமேட்டின் மேல் ஒரே ஒரு வீச்சு, நீலத்துக்குள்ளிருந்து பிரைமரின் சாம்பல் நிறம் நூல்போல் எட்டிப் பார்த்தது. மேடுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்து நிற்கும், தேய்க்கும் கையின் அழுத்தமோ அங்கேதான் கூடும். அன்று மிகவும் வேதனைப்பட்டேன். அதற்குப் பிறகு தேய்க்கும் முன் ஒவ்வொரு மேட்டின் மேலும் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுகிறேன். சமதளம் முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு மேட்டில் பாலிஷ் மட்டும், விரல் நுனியால்.

ஏர்பிரஷ் நல்ல கருவி. மெல்லிய பூச்சும் நாமே கலந்த நிறமும் வேண்டுமென்றால் ஒருநாள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அச்சுக்கோட்டையும் அவசரத்தையும் அது சரிசெய்யாது. எதில் அடித்தாலும் கரிம ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியை அணியுங்கள். தூசிக்கான சாதாரண முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ள, இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் கிளியரைப் பளபளப்புக்கு ஆசைப்பட்டு வீட்டுக்குள் அடிக்காதீர்கள். நுரையீரலை அது நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும்.

உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. செய்து முடித்த உலோகக் கார்கள் உண்மையிலேயே அழகானவை, என் மேசையிலும் இரண்டு நிற்கின்றன. அவற்றைப் பார்க்கலாம். கிட்டில் வண்டி எப்படி வண்டியாகிறது என்பது கை வழியே தெரிகிறது. ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியா 1976-இல், போர்ஷே 911-இன் பந்தய வடிவமான 934-ஐ 1/12 அளவில் கிட்டாக வெளியிட்டது. அந்தக் காலத்தில் வண்டியை முழுமையாகப் புரிந்துகொள்வதற்காக அந்நிறுவனத்தின் ஷுன்சாக்கு தமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒருவர் அப்படிப் பிரித்ததை நாம் திரும்பச் சேர்க்கிறோம். பந்தயக் கார் ஒன்றைக் கட்டும்போது முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கைகள் ஸ்ப்ரூவில் ஒரே சாயலில் இருந்தன, மேல்கை மட்டும் சற்றுக் குட்டை. விளக்கத்தாளில் காரணம் எழுதியிருக்கவில்லை. ஒட்டாமல் பொருத்தி, சக்கரத்தை விரலால் மேலே தூக்கினேன். அதன் தலை மெல்ல உட்பக்கம் சாய்ந்தது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சரியும்போது டயர் தரையோடு படிந்தே நிற்க வேண்டும், அதற்காக ஒரு பொறியாளர் அந்தக் கையைக் குறுக்கியிருக்கிறார். அது புரிந்த மாலை இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அண்ணனுக்குச் சொல்லிப் பார்க்காதீர்கள். அடுத்த முறை அந்த இரண்டு துண்டுகளையும் அவர் கையில் கொடுங்கள்.

எழுத மறந்த ஒன்று. சாம்பல் பிரைமரின் மேல் சிவப்பு மங்கிக் கனத்துத் தெரியும், அது பத்தவில்லை என்று மேலும் மேலும் அடிக்கத் தோன்றும். உங்கள் கதவுக்கோடு அடைந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். இந்த முறை வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பிரைமர் போடுங்கள், மூன்று மெல்லிய சுற்றிலேயே சிவப்பு எழுந்துவிடும். வாசனை அடங்கியதும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்