வழிவிட வேண்டியவர் யார்?

கேள்வி: பங்குனியில் என் 62 வயதுத் தந்தையுடன் வெள்ளியங்கிரி மலைக்கு முதன்முறையாகப் போகிறேன். இரவில் ஏறத் திட்டம். குறுகலான படிகளில் ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்பட்டால் யார் ஒதுங்க வேண்டும்? வேறு எவற்றில் கவனம் தேவை? – வாசகர், ஈரோடு

பதில்: இறங்குபவரே ஒதுங்க வேண்டும். ஏறுகிறவர் தலை குனிந்து, அடுத்த படியை மட்டும் பார்த்து, மூச்சைச் சீராக்கிக்கொண்டு வருகிறார். அவரைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி கால் எடுத்து வைப்பது கடினம். மேலிருந்து வருபவருக்கோ எதிரே வரும் கூட்டம் முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறித் திரும்பி, முழங்கால் நடுங்கத் தடியூன்றி வருகிறவரைக் கண்டால், ஏறுபவராகிய நீங்களே நின்றுவிடுங்கள். அப்போது பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையை ஒட்டி நிற்பது மிக முக்கியம்.

சென்ற முறை நான் ஏறியபோது இளைஞர்கள் சிலர் படிகளில் ஓடி இறங்கினார்கள். ஒருவரின் காலில் இடறிய கல், உள்ளங்கை அளவுதான், நான்கைந்து படிகள் துள்ளி வந்து, ஓரமாக உட்கார்ந்திருந்த முதியவரின் கணுக்காலில் பட்டது. விரதமிருந்து வந்த அவர், கால் வீங்கிப்போனதால் அங்கிருந்தே திரும்ப நேர்ந்தது. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓடாதீர்கள், தவறிக் கல் உருண்டால் "கல்லு, கல்லு" என்று உடனே உரக்கக் குரல் கொடுங்கள்.

அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டால் அதன் முனை பின்னால் வருபவரின் கண்ணுக்கு நேராக இருக்கும் என்பதால், அதைத் தரையில் ஊன்றியே நடக்க வேண்டும். டார்ச் ஒளியும் தரையில்தான் விழ வேண்டும். எதிரே வருபவரின் முகத்தில் அடித்தால் சிறிது நேரத்துக்கு அவருக்குப் படியே தெரியாது. மலையேற அனுமதிக்கும் மாதங்கள் புல் காய்ந்திருக்கும் காலமும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை நினைத்துப் பார்த்து, வழியில் தீக்குச்சியே உரசாதீர்கள்.

உங்கள் தந்தையை ஏறுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்; 2024இல் இந்த மலையில் மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. அவரை முன்னே நடக்கவிட்டு, அவருடைய வேகத்திலேயே நீங்கள் பின்னால் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ இருப்பதாக அவர் சொன்னால், எத்தனையாவது மலையாக இருந்தாலும் ஏறுவதை அங்கேயே நிறுத்தி, அவரை உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் உதவி கேளுங்கள்.