பூனைச் சோறும் பக்கத்து வீட்டுக் கோழிகளும்

கேள்வி: எங்கள் சந்தில் திரியும் ஐந்து பூனைகளுக்குத் தினமும் காலையில், காசிமேட்டில் வாங்கும் மீன் தலைகளை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் வந்து அதைக் கிளறித் தின்கின்றன. போன வாரம் ஒரு குஞ்சைப் பூனை கவ்விக்கொண்டு போனதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் குஞ்சுக்கான விலையைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போங்கள், சோறு வைப்பவர் நீங்கள் என்பதால், தெருப்பூனை யாருக்கும் சொந்தமில்லை என்ற பேச்சு அவரிடம் எடுபடாது. அடுத்து, சோறு வைக்கும் நேரத்தை மாற்றுங்கள். இருட்டில் கண் சரியாகத் தெரியாத கோழி பொழுது சாயும்போதே அடைந்துவிடும். ஆகவே விளக்கு வைத்த பின் தட்டை வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து, தரையில் ஒட்டிய பருக்கைகளையும் முள்ளையும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால், காலையில் கோழிகளுக்கு உங்கள் வாசலில் கிளற எதுவும் இருக்காது.

வளர்ந்த கோழியைப் பூனை பெரும்பாலும் நெருங்காது, குஞ்சுகளைத்தான் குறிவைக்கும். அவை ஓரளவு வளரும்வரை கவிழ்த்து மூட, முடிந்தால் ஒரு பஞ்சாரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பறவைக் காய்ச்சல் பூனைகளையும் தாக்கும் என்பதால், கோழிக் கழிவைப் பச்சையாகப் போடவே வேண்டாம்.

பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். பூனைக்கு விஷம் வைப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் அதை அக்காவிடம் மிரட்டலாகச் சொல்லிவிடாதீர்கள்.