ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ்: என்ன வித்தியாசம்?

ஐந்தாம் படிவம் படிக்கும் மகளுக்கு ஆங்கிலக் கட்டுரையில் இந்த மூன்றும் குழப்புகின்றன என்று கேட்டிருந்தீர்கள். கேட்பவரை இணங்க வைக்க, பழைய கிரேக்கச் சிந்தனையாளர் அரிஸ்டாட்டில் பிரித்த மூன்று வழிகள்தாம் இவை. பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "பத்து வருடமாகப் பந்தல் போடுகிறோம்" என்பது ஈத்தோஸ், சொல்பவர் மேல் வரும் நம்பிக்கை. "50 வெள்ளிக்கு இத்தனை பேருக்கு மோர்" என்று கணக்குச் சொன்னால் லோகோஸ், அறிவுக்குப் படும் காரணம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் வெறுங்காலோடு ஏறும் பாட்டியைக் காட்டினால் பேத்தோஸ், மனதைத் தொடும் உணர்ச்சி. பணப்பையைத் திறக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பாட்டிதான். ஆனால் பாட்டியை மட்டும் நம்பினால், "சரி, பணம் எங்கே போகும்?" என்பார்கள்.

அப்புறம் அனாஃபொரா: அடுத்தடுத்த வாக்கியங்களை ஒரே சொற்களில் தொடங்குவது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் 'ஐ ஹேவ் எ டிரீம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே, அதுதான். பதில் வேண்டாத கேள்விகளைப் பத்திக்குப் பத்தி அடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், திருத்துபவருக்குச் சலித்துவிடும்.